கைக்குத் தெரியாமல்

மிங்தாங்கின் ரிமோட் ஹெலிகாப்டர் நாணல் புதருக்குள் தலைகுப்புறப் போய் விழுந்த ஞாயிற்றுக்கிழமை, தாஜியா ஆற்றுப்படுகையில் ஒரு புல்கூட அசையவில்லை. இருந்தும் அவன், “காத்து அடிச்சு இழுத்துட்டுப் போயிடுச்சு” என்றான். பக்கத்தில் நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவனோடு பறக்கவிட வரும் கூட்டாளி காவோ மட்டும் பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவன் மனைவி யுவேஷியாவைப் பார்த்தார். அவள் அவர் கண்ணைச் சந்திக்காமல், உடைந்த துண்டுகளைப் பொறுக்க நாணலுக்குள் இறங்கினாள்.

ரிமோட்டின் குச்சியிலிருந்து அவன் கட்டைவிரல் வழுக்கியதை அவள் பார்த்திருந்தாள். காலையில் சட்டைப் பொத்தானில் வழுக்கியது போலவே வழுக்கியது.

நோயின் பெயரை அந்த வசந்தத்தில்தான் தைச்சுங் மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். நரம்புகள் ஒவ்வொன்றாகத் தசைகளைக் கைவிட்டுக்கொண்டே போகும் நோய். அது வந்தவர்களை மெல்ல உறைகிறவர்கள் என்று தைவானில் சொல்வார்கள். முதலில் கை, அல்லது கால், பிறகு நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் உறையாது. மிங்தாங்குக்குக் கையில் ஆரம்பித்திருந்தது. ஃபெங்யுவான் சந்துக்குள் அவன் நடத்திவந்த லேத் பட்டறையை மூடியாயிற்று. மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

அவன் பறக்கவிடுவது பொம்மை என்று சொன்னால் கோபம் வரும். ஒன்றரைக் கை நீளம், மின்சார மோட்டார், கார்பன் இறக்கைகள். தலைகீழாக நிற்க வைப்பான், வாலை ஊன்றிச் சுற்ற வைப்பான், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் புல்லைச் சீவிக்கொண்டு போக வைப்பான். கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பையன்கள் அவன் பின்னால் நின்று வாய் பிளந்து பார்த்ததை யுவேஷியா கண்டிருக்கிறாள். விழாமல் பறக்கவிடுகிறவர்கள் யாரும் இல்லை. அவனும் எத்தனையோ முறை விழவிட்டிருக்கிறான், அதற்கெல்லாம் சிரித்திருக்கிறான். இந்த முறை வேனில் வீடு திரும்பும்வரை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னான்.

“இதை ரெடி பண்ணுவோம். இன்னொரு தடவை விழுந்துச்சுன்னா அதோட சரி. ரிமோட்ட யாருக்காவது குடுத்துட்டு டிவி முன்னாடி உக்காந்துக்கிறேன்.”

“சும்மா உளறாத.”

“உளறல ஆஷியா. சத்தியமா சொல்றேன்.”

இருவரும் ஒரே தொழிற்பள்ளியில் படித்தவர்கள். அவன் லேத் பிரிவு, அவள் மின்னணுப் பிரிவு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பேச்சு பள்ளிக்கூடத்துப் பேச்சாகவே நின்றுவிட்டது. பிள்ளைகள் இல்லை. லேத் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி அவன் குரல் கரகரத்துப் போயிருந்தது. பட்டறையிலிருந்து அவள் செல்லப்பெயரை “ஆஷியாஆ” என்று நீட்டிக் கூப்பிட்டால் சந்து முனையில் பழம் விற்கிறவள், “போம்மா, உன் வீட்டு ஹாரன் அடிக்குது” என்பாள்.

உடைந்ததைச் சரிபார்க்கும் வேலையில் இப்போது அவன் கண், அவள் கை. திருகாணிகள் அவன் விரலில் நிற்பதில்லை. எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பான். “அதை ரொம்ப முறுக்காத. உன் மாமியார் காது இல்ல அது.” அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, அடுத்த முறை விழுந்தால் என்ன ஆகும் என்று நினைப்பாள். டிவி முன்னால் அவன் உட்கார்ந்திருக்கும் காட்சி அவளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலைவிடப் பயமாக இருந்தது.

காவோவுக்குச் சொந்தமாகச் சைக்கிள் கடை இருந்தது. ஒரு நாள் வேலை முடிந்து போகிற வழியில் அங்கே ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

“காவோ அண்ணே, அந்த மெஷின கொஞ்சம் சாதுவாக்க முடியுமா?”

காவோ கையிலிருந்த சக்கரத்தைக் கீழே வைத்தார். “முடியும். எல்லாம் உள்ள இருக்கிற அந்தச் சின்னப் பெட்டியிலதான் இருக்கு.”

அந்தப் பெட்டியை அவளுக்குத் தெரியும். தீப்பெட்டி அளவு. ஹெலிகாப்டர் சாய்வதை உணர்ந்து நிமிர்த்துவது அது. குச்சியை இவ்வளவு தள்ளினால் இவ்வளவு வேகமாகத் திரும்பு என்று மெஷினுக்குச் சொல்வதும் அதுதான். மெஷினின் குணம் முழுக்க அதற்குள் எண்களாக இருக்கிறது.

“குச்சியோட நடுப்பாகத்துல மென்மைய ஏத்தணும்,” என்றார் காவோ. “அப்ப விரல் நடுங்கினா மெஷின் கண்டுக்காது. ஓரத்துல வேகத்த கொஞ்சம் கூட்டி வெச்சா, விரல் முழுசா எட்டாட்டியும் திரும்பிடும். ஆனா அவன் ஒத்துக்க மாட்டான். உசுரே போனாலும் மாட்டான்.”

“அவனுக்குத் தெரிய வேண்டாம்.”

காவோ அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“ரிமோட்ல மாத்தினா திரையில தெரிஞ்சிடும். பெட்டியில மாத்தினா தெரியாது. இல்லையா?” என்றாள்.

“தெரியாதுதான். ஆனா அதுக்குக் கேபிளும் லேப்டாப்பும் வேணும். அவன் முன்னாடி மூடியக் கழட்டிட்டு உக்காருவியா? வீட்லயும் அவன் அதைவிட்டு நகர்றதில்ல. அது போக, கை தினம் ஒரு மாதிரி இருக்குமே. குளிரா இருந்தா ஒண்ணு, வெயிலடிச்சா ஒண்ணு. அங்க நின்னு, அன்னிக்குக் கையப் பாத்துத்தான் வெக்கணும்.” பாக்கைத் துப்பிவிட்டு வந்தார். “கம்பியில்லாம ஃபோன்லயே மாத்துற மாதிரி புதுப் பெட்டிகள்ல உண்டு. நம்மளுது பழசு. அதுக்கு கம்பெனி எதுவும் போடல. ஜெர்மன்காரனுங்க சில பேரு வீட்லயே செஞ்சுக்கிறானுங்க. இணையத்துல படம் போட்டிருக்கானுங்க.”

“படத்த எனக்கு அனுப்புங்க.”

“ஆஷியா, கொஞ்சம் யோசிச்சுக்கோ.”

“அனுப்புங்க அண்ணே.”

அவள் வேலை பார்த்த தொழிற்சாலையில் மின்வழங்கிப் பலகைகள் செய்தார்கள். வரிசையில் வரும் பலகைகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்ப்பதும், சால்டர் சரியாகப் பிடிக்காத இடங்களைத் திருத்துவதும் அவள் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் மேசையில் தலை கவிழ்த்துத் தூங்கும்போது, அவள் ஜெர்மன்காரனின் படத்தை ஃபோனில் திறந்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு ப்ளூடூத் பலகை. நாலு கம்பிகள். மின்சாரத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று. அவ்வளவுதான் என்று நினைத்தாள். முதல் பலகைக்கு ஹெலிகாப்டரின் மின்சாரத்தை அப்படியே கொடுத்ததில் அது சுருக்கென்று புகைந்து கருகியது. இவ்வளவு பெரிய மின்னழுத்தத்தை இவ்வளவு சின்னப் பலகை தாங்காது என்பது, தினமும் மின்வழங்கி பார்க்கிறவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தன்மேலேயே எரிச்சல் வந்தது. இரண்டாவதற்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் சில்லு ஒன்றை முன்னால் வைத்தாள். புகையவில்லை. ஆனால் பேசவும் இல்லை. ஃபோன் பலகையைக் கண்டுகொண்டது, கை குலுக்கியது, அதற்குப் பிறகு மௌனம். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் பேசிக்கொண்டிருக்கின்றனவோ என்று பலகையின் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகுதான் கம்பிகளைக் கவனித்தாள். பெட்டியின் வாய் பலகையின் காதுக்குப் போக வேண்டும். அவள் வாயை வாயோடும் காதைக் காதோடும் சேர்த்திருந்தாள். தனியாக உட்கார்ந்து சிரித்தாள். கம்பிகளை மாற்றிச் சேர்த்து, சூடு காட்டினால் சுருங்கும் கருப்புக் குழாய்க்குள் எல்லாவற்றையும் நுழைத்து மூடினாள். பார்ப்பதற்குச் சூயிங்கம் துண்டு போல இருந்தது.

காவோவின் ஹெலிகாப்டரில் மாட்டிச் சோதித்தார்கள். காவோவின் மெஷினும் மிங்தாங்கின் மெஷினும் ஒரே மாதிரி. இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, இரண்டுக்கும் மிங்தாங்தான் எண்களை வைத்திருந்தான். ஃபோன் திரையில் அந்த எண்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவன் வேகமும் பிடிவாதமும் அங்கே வரிசையாக எழுதி வைத்ததுபோல இருந்தன.

“எல்லாம் எல்லைக்குப் பக்கத்துல வெச்சிருக்கான் பாரு,” என்றார் காவோ. “எனக்கே பயமா இருக்கும் சில நேரம். கௌரவத்துக்காக அப்படியே வெச்சிருக்கேன்.” பிறகு மெதுவாகச் சொன்னார். “ஒரேயடியா மாத்தாத. குழம்புல உப்பக் குறைக்கிற மாதிரி, நாக்குக்குத் தெரியாம கொறைக்கணும்.”

வீட்டில் அதைப் பொருத்தும்போது மிங்தாங் கேட்டான். “அது என்ன புதுசா?”

“பேட்டரி எவ்வளவு இருக்குன்னு சொல்லுமாம். காவோ அண்ணன் குடுத்தாரு.”

“பரவால்லியே கஞ்சப் பய,” என்றான். அவ்வளவுதான். சந்தேகப்பட அவனுக்குக் காரணம் எதுவும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் பொய் சொன்னது, சமையலில் கருகியதை மறைத்ததற்கு மட்டும்தான்.

கோடை முழுக்க அது வேலை செய்தது. ஆற்றுப்படுகையில் அவள்தான் பேட்டரியை இணைப்பாள். இணைத்துவிட்டுத் தன் மடக்கு நாற்காலிக்குத் திரும்பி, நாத்தனாருக்குச் செய்தி அனுப்புகிறவள் போல ஃபோனைக் குனிந்து பார்ப்பாள். அன்று காலையில் அவன் தேநீர்க் கோப்பையை எப்படிப் பிடித்தான், செருப்பை எப்படி மாட்டினான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு எண்ணை ஒரு துளி நகர்த்துவாள். “ம், போலாம்” என்பாள். அவன் போய் நிற்பான். மெஷின் எழும். கை மந்தமாக மந்தமாக மெஷினும் மந்தமாகிக்கொண்டே வந்ததால், இரண்டுக்கும் நடுவில் வித்தியாசமே அவனுக்குத் தெரியவில்லை. வேடிக்கைகள் குறைந்திருந்தன. அதை அவன் வயசு என்று எடுத்துக்கொண்டான். ஆனால் விழவில்லை. ஒரு தடவைகூட விழவில்லை.

பறக்கவிட்டு முடித்ததும் சாலையோரக் கடையில் பன்றிக்கறிச் சோறும் மீன் உருண்டை சூப்பும் சாப்பிடுவார்கள். கரண்டியைப் பிடிக்க அவன் தடுமாறினாலும் வாய் ஓயாது. “டேய் காவோ, உன் வால் ஏன்டா ஆடுது? குடிச்சிட்டு வந்துச்சா?” என்பான். காவோ சிரித்துக்கொண்டே கிண்ணத்துக்குள் பார்ப்பார். ராத்திரிகளில் மிங்தாங் மறுபடி தூங்க ஆரம்பித்தான். யுவேஷியாவுக்கு அந்தக் கோடையில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வேறு ஒன்றும் அதே கோடையில் நடந்துகொண்டிருந்தது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணொருத்தி, ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள்: குரல் நன்றாக இருக்கும்போதே சில நூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பின்னால் நாக்கு ஒத்துழைக்காதபோது கருவி அவன் குரலிலேயே பேசும். மெஷினைச் சரி செய்துவிட்டு வருகிறேன் என்று மிங்தாங் சொல்லியிருந்தான். மெஷின் சரியாயிற்று. அந்தப் பெண் ஃபோன் செய்தபோது யுவேஷியா சமையலறையில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான்.

“இல்லம்மா, இப்ப அவசரம் இல்ல. எனக்கு நின்னுடுச்சு போல. சில பேருக்கு அப்படியே நின்னுடும்னு டாக்டரே சொன்னாரே. பறக்கவிட்டுப் பாக்கறேன்ல, ஒரு மாத்தமும் இல்ல. கை பொய் சொல்லாது.”

“நிக்கட்டும் சார், நல்லதுதான். ஆனாலும் ஒரு தடவை வந்து பதிவு பண்ணி வெச்சுட்டா…”

“குரலு எங்க ஓடிப்போகுது? அடுத்த மாசம் பாக்கலாம்மா.”

யுவேஷியாவின் கத்தி நின்றது. கீரையை அப்படியே விட்டுவிட்டுப் போய், ‘நின்னுடல, நான்தான் கொறைச்சுக்கிட்டே வர்றேன்’ என்று சொல்லியிருக்கலாம். சமையலறை வாசல்வரை வந்தாள். அவன் ஃபோனை வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். கல்யாணப் புகைப்படத்தில் இருக்கும் சிரிப்பு. “பசிக்குதுடி” என்றான். அவள் திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

சியாயியில் இருக்கும் தன் அக்கா பியூவிடமும் அவன் நின்றுவிட்டது என்றே சொன்னான். பியூ, கடல் தெய்வமான மாசு அம்மன் கோவிலுக்கு நேர்ந்துகொண்டதை நிறைவேற்ற வறுத்த பன்றியும் பழங்களும் வாங்கிக்கொண்டு போனாள். யுவேஷியாவையும் கூட்டிப் போய் அம்மன் முன்னால் நிறுத்தினாள். ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு யுவேஷியா என்ன வேண்டிக்கொண்டாள் என்பது அவளுக்கே சரியாக ஞாபகம் இல்லை. வேண்டுதல் பலித்தது என்பது பொய் என்று அம்மனுக்குத் தெரியும் என்று மட்டும் நினைத்தாள்.

வடகிழக்குக் காற்று ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மிங்தாங்கின் மெஷினில் பறக்கும்போதே மோட்டார் சூடாகி நின்றுவிட, அவன் அதைப் பதறாமல் தரையில் இறக்கினான். கூட்டத்தில் கைதட்டினார்கள். அந்த உற்சாகம் அடங்கும் முன் காவோவிடம் திரும்பினான்.

“உன்னுத குடு. ஒரு ரவுண்டு.”

“என்னுதா? அது… அதுல வால் சரியில்லப்பா.”

“நான் வெச்சுக் குடுத்த வாலுடா. குடு.”

“மிங்தாங், காத்து ஏறுது, அடுத்த வாரம்…”

“கஞ்சப் பயலே, தின்னுடவா போறேன்?”

காவோ யுவேஷியாவைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். அந்தப் பெட்டியில் அவன் எண்கள் அப்படியே, எல்லைக்குப் பக்கத்தில் இருந்தன. அவள் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டாள். காவோ ரிமோட்டை நீட்டினார்.

மெஷின் தரையை விட்டு எழும்பியதுமே துடித்தது. பிடித்த மீனைப் போலத் துள்ளியது. மிங்தாங் நேராக்கப் பார்த்தான், அது எதிர்ப்பக்கம் பாய்ந்தது. அவன் முகத்தில் முதலில் ஆச்சரியம்தான் வந்தது. “என்னடா இது, என்ன பண்ணி வெச்சிருக்க?” என்று காவோவைத் திட்டினான். பேசி முடிப்பதற்குள் மெஷின் ஒரு பக்கம் சாய்ந்து கூழாங்கற்களில் மோதியது. இறக்கை உடைந்து விசிறியடித்தது. மோட்டார் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது.

யாரும் காற்று என்று சொல்லவில்லை.

மிங்தாங் உடைந்த மெஷினைப் பார்க்கவில்லை. ரிமோட்டிலிருந்த தன் கட்டைவிரல்களைப் பார்த்தான். அவை தாமாக, தோலுக்கு அடியில் புழு ஊர்வதுபோல, துடித்துக்கொண்டிருந்தன. பிறகு காவோவைப் பார்த்தான். பிறகு யுவேஷியாவையும், அவள் கையிலிருந்த ஃபோனையும். பட்டறைக்காரன், எந்த இயந்திரத்தில் எங்கே கோளாறு என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும், “காட்டு” என்றான்.

அவள் மெஷினில் பேட்டரியை இணைத்து, எண்கள் தெரிய ஃபோனை அவன் முன்னால் வைத்தாள். அவன் நெடுநேரம் பார்த்தான்.

“இவ்வளவா?”

“ஆமா.”

“இதுதான் என் கை. இவ்வளவுதான் மிச்சம்.”

“மிங்தாங், நீ டிவி முன்னாடி உக்காந்துடுவேன்னு சொன்னியே. எனக்குப் பயமா இருந்துச்சு.”

“உக்காந்திருப்பேன். ஒரு மாசம் உக்காந்திருப்பேன், அப்புறம் எழுந்து ஏதாவது பண்ணியிருப்பேன். எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?” குரல் ஏறவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. “அக்காகிட்ட சொன்னேன், நின்னுடுச்சுன்னு. டாக்டர்கிட்ட சொன்னேன். கடையில உக்காந்து காவோவ கிண்டல் பண்ணேன். அப்பல்லாம் நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டீங்களா?”

“இல்ல.”

“பொய் சொல்லாத. இப்பவாவது.”

“பாத்துக்கிட்டோம்,” என்றாள்.

அவன் தலையாட்டினான். “விழுந்தா விழட்டும். அது என் கை விழுறது. அதையும் என்கிட்ட இருந்து எடுத்துட்ட.”

அதற்குப் பிறகு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். சண்டை போட்டால் ஒரே வாரத்தில் ஆறிப்போகிற ஆள், இது ஆறவில்லை. சாப்பாட்டை ஊட்ட விடுவான், சட்டையை மாற்ற விடுவான், முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்வான். வீட்டுக்கு வரும் செவிலியிடம் ஒன்றிரண்டு வார்த்தை சொல்வான். காவோ இரண்டு முறை ஆரஞ்சுப் பையோடு வந்தார். முதல் முறை வாசலில் நின்றுவிட்டுப் போனார். இரண்டாவது முறை உள்ளே வந்து உட்கார்ந்தார், மிங்தாங் கண்ணை மூடிக்கொண்டான், அவரும் ஆரஞ்சை உரித்து வைத்துவிட்டு எழுந்தார். யுவேஷியா தினமும் ஏதாவது பேசிப் பார்த்தாள். பழக்காரி கேட்டதைச் சொன்னாள், தொழிற்சாலையில் மேலாளர் வழுக்கி விழுந்ததைச் சொன்னாள். ஒரு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “என்ன வேணா திட்டு, மிங்தாங். திட்டிடு” என்று அழுதாள். அவன் தோள் அசைந்தது. திரும்பவில்லை.

சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின நாள் பியூ வந்திருந்தாள். மேசையில் ஆவி பறக்கும் பானையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மிங்தாங் யுவேஷியாவின் பக்கம் ஏதோ சொன்னான்.

அவளுக்குப் புரியவில்லை. “என்ன?”

மறுபடி சொன்னான். நாக்கு வாய்க்குள் ஈரத்துணியைப் போலப் புரண்டது. பியூவும் குனிந்து கேட்டாள். இருவருக்கும் புரியவில்லை. மூன்றாம் முறை முயன்றுவிட்டு, அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் அவளோடு பேசாமலிருந்த அந்த வாரங்களில், குரல் வீட்டைவிட்டுப் போயிருந்தது. வழியனுப்ப ஆளில்லாமல் போயிருந்தது.

புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் யுவேஷியா மருத்துவமனைக்கு ஃபோன் செய்தாள். பேச்சுப் பயிற்சிப் பெண் எதையும் குத்திக்காட்டவில்லை. “கூட்டிட்டு வாங்க, முயற்சி பண்ணிப் பாக்கலாம்” என்றாள். கண்ணாடி அறைக்குள் அவன் வாக்கியங்களைப் படித்தான். ‘இன்று வானம் தெளிவாக இருக்கிறது.’ ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்.’ வெளியே நின்ற யுவேஷியாவுக்குக் கண்ணாடி வழியாகச் சத்தம் வரவில்லை. அவன் கழுத்து நரம்புகள் புடைப்பது மட்டும் தெரிந்தது. பதிவானதைக் கொண்டு கருவி உருவாக்கிய குரலைப் போட்டுக் காட்டினார்கள். அது மிங்தாங்கின் குரல் இல்லை. மிங்தாங்கைப் போலவே பேச முயன்று, முடியாமல் தடுமாறும் வேறு யாரோ.

அவன் முகம் கோணியது. சிரிக்கிறான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்கத்திலிருந்த எழுத்துப் பலகையில் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காட்டினான். “குடிகாரன்.” பிறகு அடுத்தது: “வேண்டாம்.”

கருவியில் ஏற்கெனவே இருந்த ஆண்குரலை வைத்துக்கொண்டார்கள். கண்ணால் எழுத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அது பேசும். வானொலியில் காய்கறி விலை வாசிக்கிறவரின் குரல். தெளிவாக, மரியாதையாக, ஒரு எழுத்தையும் விழுங்காமல் பேசியது. மிங்தாங் வாழ்நாளில் ஒரு வாக்கியத்தையும் அப்படி முழுசாகப் பேசியவன் இல்லை.

அந்தக் குரலில்தான் அவன் மறுபடி அவளோடு பேச ஆரம்பித்தான். வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுக்கத் தொடங்கிய முதல் வாரம். அவள் பாலைப் போன்ற அந்தத் திரவத்தை மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தாள். கருவி சொன்னது:

“இன்றைய உணவில் உப்பு சற்று அதிகமாக இருக்கிறது.”

அவள் கை நின்றது. அவன் கண்களைப் பார்த்தாள். இத்தனை மாதங்களுக்குப் பிறகு அவை நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“வாய்ல படாத சாப்பாட்டுக்கு உப்புப் பாக்கிறியா? திமிரு புடிச்சவனே,” என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, மூக்கு ஒழுகி, முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அவன் கண்கள் திரையில் மெல்ல நகர்ந்தன. ஒவ்வொரு எழுத்தாக. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

“நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்,” என்றது காய்கறி விலை வாசிக்கிறவரின் குரல். “ஆனால் களைத்துவிட்டேன். காவோவை வரச் சொல்.”

காவோ வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலருகே உட்கார்ந்து, களத்தில் யார் யார் எப்படி விழவிட்டார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். யுவேஷியா வேலையை விட்டுவிட்டாள். பகலெல்லாம் சளியை உறிஞ்சி எடுப்பதும், புரட்டிப் படுக்க வைப்பதும், கருவி பேசக் காத்திருப்பதுமாக வசந்தம் போயிற்று. மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு மதியம், “நீ என்னிடம் கேட்டிருக்கலாம்” என்றான். “கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?” என்றாள். “தெரியாது” என்றான்.

மூச்சுக்குக் கருவி பொருத்திக்கொள்ள அவன் சம்மதிக்கவில்லை. அதை அவன் தீர்மானித்தபோது, அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. புயல் காலத்தின் முதல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான். கருவியின் திரையில் பாதி எழுதிய வார்த்தை எதுவும் இல்லை. அவள் பார்த்தாள்.

ஏழாவது வாரச் சடங்கு முடிந்து, துறவிகள் போன பிறகு, மூன்று பேர் மட்டும் மேசையில் மிஞ்சினார்கள்: யுவேஷியா, பியூ, காவோ. அப்போதுதான் யுவேஷியா கேட்டாள்.

“அக்கா, உங்ககிட்ட அவன் குரல் ஏதாவது இருக்கா? ஃபோன்ல, எதுலயாவது?”

பியூ தேடினாள். மிங்தாங் குரல்செய்தி அனுப்புகிற ரகம் இல்லை. பொம்மைப் படங்களாக அனுப்பி வைத்திருந்தான். ஆடும் கரடி, தூங்கும் பூனை. யுவேஷியாவின் ஃபோனிலும் அதே கரடிதான், அதே பூனைதான்.

“என்கிட்ட களத்துல எடுத்த வீடியோ இருக்கு,” என்றார் காவோ.

ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் ஹெலிகாப்டரின் இரைச்சல். வானத்தில் ஒரு கருப்புப் புள்ளி சுழன்றுகொண்டிருந்தது, கீழே நிற்பவர்களின் முதுகுகள் தெரிந்தன. ஒன்றில் மட்டும் மிங்தாங் திரும்பி, கேமராவைப் பார்த்து, வாயைப் பெரிதாகத் திறந்து ஏதோ கத்தினான். மேலே மெஷின் அலறியது. இரைச்சலுக்கு அடியில் கரகரவென்று ஏதோ ஒன்று இருந்தது.

“என்னைத் திட்றான்,” என்றார் காவோ.

“இல்ல, யாரையோ கூப்பிடறான்,” என்றாள் பியூ. “வாயப் பாருங்க. ஆன்னு இல்ல ஆரம்பிக்குது?”

“அது ‘டேய்’.”

“டேய்க்கு வாய் அப்படியா போகும்?”

யுவேஷியா ஃபோனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். மறுபடி போட்டாள். அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் போட்டாள். இரைச்சல்தான் கேட்டது.

“எனக்கு அனுப்பி வைங்க அண்ணே,” என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எழுந்து, மேசையிலிருந்த கிண்ணங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.